படத்துக்குள் ஒரு வரி: ஸ்டெகோ புதிர்கள், ஆரம்பத்திலிருந்து

அண்ணன் மகள் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். விடுதிக்குப் போன புதிதில் அவளுக்குப் புதிர்ப் போட்டிப் பைத்தியம் பிடித்துவிட்டது. "சித்தப்பா, எனக்கு ஒரு ஸ்டெகோ புதிர் செஞ்சு அனுப்புங்க, நான் கண்டுபிடிக்கிறேன்" என்றாள். மொட்டை மாடியில் காய்ந்துகொண்டிருந்த வடகத்தைப் படம் எடுத்து, அதற்குள் ஒரே ஒரு வரியை ஒளித்து அனுப்பினேன். இரவு பதினொன்றரைக்குப் போன் வந்தது. "எல்லா டூலும் போட்டுப் பாத்துட்டேன். உள்ள ஒண்ணுமே இல்ல சித்தப்பா. ஏமாத்துறீங்களா?"

அவள் சொன்னது சரி. அவள் கைக்குப் போன படத்தில் ஒன்றுமே இல்லை. நான் ஏமாற்றவும் இல்லை. நடுவில் என்ன ஆயிற்று என்பதைச் சொல்ல வேண்டுமென்றால், ஒரு படத்துக்குள் வரி எப்படி ஒளிகிறது என்று முதலில் சொல்ல வேண்டும்.

பணத்தைப் பீரோவில் வைத்துப் பூட்டுவது ஒரு வழி. அரிசி டின்னுக்குள் அடியில் போட்டு வைப்பது இன்னொரு வழி. பூட்டிய பீரோவைப் பார்த்த திருடனுக்கு உள்ளே ஏதோ இருக்கிறது என்று தெரிந்துவிடும், திறக்கத்தான் முடியாது. அரிசி டின்னைப் பார்த்தால் அவனுக்கு எதுவும் தோன்றாது. பீரோ வழிக்குக் குறியாக்கம் என்று பெயர். அரிசி டின் வழிதான் ஸ்டெகனோகிராஃபி. போட்டிகளில் விளையாடுகிறவர்கள் சுருக்கி 'ஸ்டெகோ' என்பார்கள். இரண்டையும் சேர்த்தும் செய்யலாம்: பூட்டிய சின்னப் பெட்டியை அரிசிக்குள் புதைப்பது போல.

யோசனை பழையது. மிலேட்டஸ் நகரத்து ஹிஸ்டியேயஸ் தன் அடிமையின் தலையை மழித்து, அதில் செய்தியைப் பச்சை குத்தி, முடி வளரும் வரை காத்திருந்து அனுப்பினான் என்று கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் எழுதியிருக்கிறார். அவசரச் செய்திக்கு ஆகாத முறை! ஸ்டெகனோகிராஃபி என்ற சொல், ஜெர்மானியத் துறவி டிரிதேமியஸ் 1499 வாக்கில் எழுதிய நூலின் தலைப்பிலிருந்து வந்தது. பார்வைக்கு அது ஆவிகளை அழைக்கும் மந்திர நூல். உள்ளே இருந்தது சங்கேத முறைகள். அதன் மூன்றாம் பாகத்தில் இருந்ததும் சங்கேதம்தான் என்று நிரூபித்து உடைத்தது 1990களில்தான். நம் பக்கத்திலும் இந்த விளையாட்டு உண்டு: தண்டியலங்காரம் சொல்லும் சித்திரகவி வகைகளில் 'கரந்துறைச் செய்யுள்' ஒன்று. ஒரு செய்யுளின் எழுத்துகளுக்குள் இன்னொரு செய்யுள் கரந்து உறையும். ஸ்டெகோவுக்குத் தமிழ்ப் பெயர் வேண்டும் என்று யாராவது கேட்டால் நான் அந்தப் பக்கம்தான் கையைக் காட்டுவேன்.

சரி, கம்ப்யூட்டருக்கு வருவோம்.

கோப்பு என்பது எண்களின் வரிசை

படமோ பாட்டோ வீடியோவோ, எந்தக் கோப்பும் 0 முதல் 255 வரையுள்ள எண்களின் நீண்ட வரிசைதான். ஒவ்வோர் எண்ணும் ஒரு பைட். ஹெக்ஸ் எடிட்டர் என்ற மென்பொருளில் திறந்தால் அந்த வரிசையை அப்படியே பார்க்கலாம். அது எண்களைப் பதினாறின் அடிப்படையில் எழுதிக் காட்டும். இங்கே நமக்குப் பழகிய பத்தின் அடிப்படையிலேயே சொல்கிறேன்.

படம் காட்டும் மென்பொருள் இந்த வரிசையை முழுக்கப் படிப்பதில்லை. தனக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டு மற்றதைக் கண்டுகொள்ளாமல் போய்விடும். ஸ்டெகோ முழுக்க இந்த அலட்சியத்தில்தான் பிழைக்கிறது. ஆகவே ஒரு கோப்பைக் கையில் வாங்கியதும் நான் கேட்டுக்கொள்ளும் கேள்வி ஒன்றுதான்: இதைத் திறக்கும் மென்பொருள் எந்த இடத்தைப் பார்க்காமல் விடுகிறது?

மிக எளிமையான உதாரணம் கோப்பின் வால். ஜேபெக் படம் 255, 216 என்ற இரண்டு எண்களில் தொடங்கும். 255, 217 வந்தால் படம் முடிந்தது. அதற்குப் பிறகு என்ன இருந்தாலும் படம் காட்டும் மென்பொருளுக்குக் கவலையில்லை. ஜிப் கோப்பு இதற்கு நேர் எதிர். உள்ளே என்னென்ன இருக்கிறது என்ற பட்டியல் அதன் கடைசியில்தான் இருக்கும், ஆகவே ஜிப் திறக்கும் மென்பொருள் வாலிலிருந்து தேட ஆரம்பிக்கும். இப்போது படத்தின் பின்னால் ஒரு ஜிப்பை ஒட்டிவிட்டால்? படமாகத் திறந்தால் படம். ஜிப்பாகத் திறந்தால் ஜிப். ஒரே கோப்பு, இரண்டு முகம். இரண்டு மென்பொருளும் எதிரெதிர் முனையிலிருந்து வந்து தத்தம் பாதியோடு நின்றுவிடுகின்றன.

இப்படி ஒட்டியதைக் கண்டுபிடிக்க முதலில் கோப்பின் அளவைப் பாருங்கள். கட்டைவிரல் நகம் அளவுப் படம் 4 எம்பி இருந்தால் ஏதோ இருக்கிறது. அப்புறம் ஹெக்ஸ் எடிட்டரில் 80, 75, 3, 4 என்ற வரிசையைத் தேடுங்கள். ஜிப்பின் தொடக்க அடையாளம் அது. முதல் இரண்டு எண்களும் 'பி', 'கே' என்ற ஆங்கில எழுத்துகள். ஜிப்பை உருவாக்கிய ஃபில் கட்ஸின் முதலெழுத்துகள். வேர்டு, எக்ஸெல் கோப்புகளும் ஆண்ட்ராய்டு செயலிக் கோப்புகளும்கூட உள்ளுக்குள் ஜிப்தான். பின்வாக் என்ற கருவி இந்த மாதிரி அடையாளங்களைக் கோப்பு முழுக்கத் தேடித் தரும். பெரிய கேமராப் படங்களில் 255, 217 ஒரு தடவைக்கு மேல் வரலாம். உடனே குதித்துவிடாதீர்கள், பெரும்பாலும் அது உள்ளே பொதிந்திருக்கும் சிறுபடத்தின் முடிவு.

தொடக்க அடையாளத்தை வைத்தே ஒரு புதிர் செய்யலாம். பிஎன்ஜி படம் எப்போதும் 137, 80, 78, 71, 13, 10, 26, 10 என்ற எட்டு எண்களில்தான் தொடங்கும். அதில் ஒன்றிரண்டை மாற்றிவிட்டால் படம் திறக்காது, 'கோப்பு கெட்டுவிட்டது' என்று வரும். சரிசெய்து சேமித்தால் திறந்துவிடும். கோப்பின் பெயருக்குப் பின்னால் டிஎக்ஸ்டி என்று போட்டிருப்பதை நம்பி உட்கார்ந்திருக்கக் கூடாது. பெயரை யார் வேண்டுமானாலும் மாற்றலாம். லினக்ஸில் 'ஃபைல்' என்ற கட்டளை பெயரைப் பார்க்காமல் உள்ளே இருப்பதைப் பார்த்து வகையைச் சொல்லும். அதைத்தான் முதலில் ஓட்ட வேண்டும்.

அடுத்தது எக்ஸிஃப். போனில் எடுக்கும் படத்தோடு தேதி, கேமரா விவரம், இடம்காட்டி திறந்திருந்தால் இடமும் பதிவாகிவிடும். 2012 டிசம்பரில், பெலீஸ் நாட்டுப் போலீஸ் விசாரணைக்குத் தேடிக்கொண்டிருந்த, வைரஸ் தடுப்பு மென்பொருளால் பெயர்பெற்ற ஜான் மெக்காஃபியின் படத்தை வைஸ் இதழ் வெளியிட்டது. படத்தோடு இருந்த எக்ஸிஃப் தகவலிலேயே அவர் குவாத்தமாலாவில் இருப்பது தெரிந்துபோனது. புதிர் போடுகிறவர்கள் இந்தத் தகவல் கட்டங்களில் 'கருத்து', 'எடுத்தவர்' மாதிரியான இடங்களில் எதையாவது எழுதி வைப்பார்கள். எக்ஸிஃப்டூல் என்ற கருவி எல்லாவற்றையும் கொட்டிக் காட்டிவிடும்.

பிறகு 'ஸ்ட்ரிங்ஸ்'. கோப்புக்குள் படிக்கக்கூடிய எழுத்துகள் தொடர்ச்சியாகக் குறைந்தது நான்கு இருந்தால் எடுத்துக் காட்டும் கட்டளை இது. எல்லாப் பாடக் குறிப்புகளும் இதைச் சொல்லும். நமக்கு வேண்டிய ஒன்றை மட்டும் சொல்லாது. ஸ்ட்ரிங்ஸ் தானாகத் தேடுவது ஆங்கில எழுத்துகளை. படத்தின் வாலில் ஒரு திருக்குறளையே எழுதி வைத்திருந்தாலும் அதன் கண்ணில் படாமல் போய்விடும். இதற்கு ஒரு குறுக்கு வழி உண்டு. எழுத்துகளை எண்களாகச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் மூன்று பைட். முதல் பைட் எப்போதும் 224. இரண்டாவது 174 அல்லது 175. ஆகவே 224, 174, ஏதோ ஒன்று, மறுபடி 224, 175, ஏதோ ஒன்று என்று மூன்று மூன்றாக ஒரு தாளம் ஹெக்ஸ் எடிட்டரில் தெரிந்தால், அங்கே தமிழ் இருக்கிறது. பழகிவிட்டால் இந்தத் தாளம் தூரத்திலிருந்தே தெரியும்.

ஒற்றையா இரட்டையா

இனிதான் உண்மையான ஒளிப்பு. இதுவரை பார்த்ததெல்லாம் படத்துக்கு வெளியே ஒட்டியது. இப்போது படத்தின் நிறத்துக்குள்ளேயே ஒளிப்போம்.

படம் சின்னச் சின்னப் புள்ளிகளால் ஆனது. ஒவ்வொரு பிக்சலுக்கும் மூன்று எண்கள்: சிவப்பு எவ்வளவு, பச்சை எவ்வளவு, நீலம் எவ்வளவு. சிவப்பு 182 ஆக இருந்ததை 183 ஆக்கினால் யார் கண்ணுக்கும் வித்தியாசம் தெரியாது. இந்த 'தெரியாது' போதும். ஒரு ஏற்பாடு செய்துகொள்வோம். எண் இரட்டைப்படையாக இருந்தால் 0, ஒற்றைப்படையாக இருந்தால் 1.

'அ' என்ற எழுத்தை ஒளிப்போம். யூடிஎஃப்-8ல் அது 224, 174, 133. இரண்டின் அடிப்படையில் எழுதினால் 11100000 10101110 10000101. இதில் ஒவ்வொரு 0வும் 1ம் ஒரு பிட். மொத்தம் 24 பிட். முதல் பிக்சலின் மூன்று எண்கள் 182, 140, 97 என்று வைத்துக்கொள்ளுங்கள். நாம் ஒளிக்க வேண்டிய முதல் மூன்று பிட் 1, 1, 1. மூன்றும் ஒற்றைப்படை ஆக வேண்டும். 182 ஐ 183 ஆக்குகிறோம், 140 ஐ 141 ஆக்குகிறோம், 97 ஏற்கெனவே ஒற்றைப்படை, அப்படியே இருக்கட்டும். அடுத்த பிக்சல் 181, 139, 96. அடுத்த மூன்று பிட் 0, 0, 0. ஆகவே 180, 138, 96. இப்படி எட்டுப் பிக்சலில் 'அ' உள்ளே போய்விடும். 'அம்மா' என்பதில் அ, ம, புள்ளி, ம, கால் என்று ஐந்து குறியீடுகள். 15 பைட், 120 பிட், 40 பிக்சல். போனில் எடுக்கும் சாதாரணப் படத்தில் 4000க்கு 3000 என்று 1 கோடியே 20 லட்சம் பிக்சல் இருக்கும். ஒரு நாவலையே கொட்டினாலும் நிரம்பாது.

ஒவ்வோர் எண்ணின் மதிப்பிலும் கடைசி பிட்டை மட்டும் தொடுவதால் இதற்குக் கடைசி பிட் முறை என்று பெயர், சுருக்கமாக எல்எஸ்பி. பிஎன்ஜி படம் கொடுத்தால் போட்டிக்காரர்கள் முதலில் சந்தேகப்படுவது இதைத்தான். இசட்ஸ்டெக் என்ற கருவி எந்த நிறம், எந்த வரிசை, எந்த பிட் என்று பல சேர்க்கைகளையும் முயன்று பார்த்துச் சொல்லும். ஆனால் ஒரு தடவையாவது கண்ணால் பாருங்கள். ஸ்டெக்சால்வ் மாதிரி ஒரு மென்பொருளில் கடைசி பிட்டை மட்டும் எடுத்து, 0 என்றால் கறுப்பு, 1 என்றால் வெள்ளை என்று வரைந்தால், படத்தின் மேல் விளிம்பில் மட்டும் ஒரு பட்டை மற்ற இடத்தோடு ஒட்டாமல் தனியாகத் தெரியும். அங்கேதான் செய்தி தொடங்குகிறது. சில சமயம் செய்தியே படமாக, எழுத்தாக அந்தக் கறுப்பு வெள்ளையில் எழுந்து வரும். முதல் தடவை பார்க்கும்போது எனக்குக் கொஞ்சம் புல்லரித்தது என்று ஒப்புக்கொள்கிறேன்.

இப்போது வடகப் படத்துக்கு வரலாம். நான் ஒளித்தது 57 பைட், 152 பிக்சல். ஒளித்து, பிஎன்ஜியாகச் சேமித்து, செய்தி அனுப்பும் செயலியில் 'போட்டோ'வாக அனுப்பிவிட்டேன். தப்பு என்னுடையதுதான். இந்த வகைச் செயலிகள் படத்தை அனுப்பும் முன் சுருக்கி ஜேபெக் ஆக்கிவிடுவது வழக்கம். ஜேபெக் எப்படிச் சுருக்குகிறது? படத்தை 8க்கு 8 பிக்சல் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் கண்ணுக்குத் தெரியாத நுணுக்கமான வேறுபாடுகளைத் தள்ளிவிடும். நான் என் வரியைக் கொண்டுபோய் வைத்ததே கண்ணுக்குத் தெரியாத வேறுபாட்டில்தானே. கழித்துக் கட்டும் பட்டியலில் முதல் ஆள் அதுதான். 183 மறுபடி 182 ஆகியிருக்கலாம், 185 ஆகியிருக்கலாம். பிள்ளை நள்ளிரவு வரை வெறும் வடகத்தைத் தோண்டிக்கொண்டிருந்தாள். மறுநாள் அதே கோப்பை 'டாக்குமெண்ட்' ஆக அனுப்பினேன். பைட் மாறாமல் போய்ச் சேர்ந்தது.

அப்படியென்றால் ஜேபெக்கில் ஒளிக்கவே முடியாதா? முடியும், வேறு இடத்தில். சுருக்கிய பிறகு மிஞ்சும் எண்களில் ஒளிக்க வேண்டும். ஸ்டெக்ஹைட், அவுட்கெஸ் போன்ற பழைய கருவிகள் அதைத்தான் செய்கின்றன. புதிதாக வருகிறவர்கள் பிஎன்ஜி படத்தை ஸ்டெக்ஹைடுக்குக் கொடுத்துவிட்டு மண்டையை உடைத்துக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன். அது பிஎன்ஜியைத் தொடாது. ஜேபெக், பிஎம்பி படங்களும் டபிள்யூஏவி, ஏயு ஒலிக் கோப்புகளும் மட்டும்தான். கடவுச்சொல்லும் கேட்கும். முதலில் வெறுமனே என்டர் தட்டிப் பாருங்கள், பிறகு புதிரின் தலைப்பிலும் விவரிப்பிலும் வரும் சொற்களைப் போடுங்கள்.

எனக்கு மிகவும் பிடித்த ஒளிப்பு ஒன்றைச் சொல்லாமல் போக மனமில்லை. பிஎன்ஜி கோப்பில் 17 முதல் 20 வரையுள்ள பைட்டுகள் படத்தின் அகலம். 21 முதல் 24 வரை உயரம். உயரம் 800 என்று இருப்பதை 600 என்று திருத்திவிட்டால் என்ன ஆகும்? படத்தின் தகவல் முழுக்க உள்ளேயே இருக்கும், ஆனால் பல மென்பொருள்கள் 600 வரிசையோடு நிறுத்திக்கொள்ளும். கீழே இருக்கும் 200 வரிசை, அதில் எழுதியிருக்கும் விடையோடு, அப்படியே மறைந்துவிடும். மேசையின் கீழ்ப்பாதியைத் துணி போட்டு மூடியது போல. இதில் அழகு என்னவென்றால், பிஎன்ஜி தன் தலைப்பகுதிக்கு ஒரு சரிபார்ப்பு எண்ணையும் எழுதி வைத்திருக்கும். உயரத்தை மட்டும் திருத்தி அந்த எண்ணைத் திருத்தாமல் விட்டிருந்தால் கணக்கு இடிக்கும். 1, 2, 3 என்று ஒவ்வோர் உயரமாகப் போட்டு, எந்த உயரத்துக்குக் கணக்கு ஒத்துப்போகிறது என்று பார்த்தால் உண்மையான உயரம் வந்துவிடும். பைத்தான் மொழியில் பத்து வரி நிரல் போதும். பொய் சொன்னவனின் வாயிலிருந்தே உண்மையை வாங்குவது மாதிரி.

காதுக்குக் கேட்பதும் கண்ணுக்குத் தெரியாததும்

ஒலிக் கோப்பு வந்தால் காதில் மாட்டிக் கேட்பதைவிடக் கண்ணால் பார்ப்பது நல்லது. ஆடாசிட்டி என்ற ஒலி மென்பொருளில் திறந்து ஸ்பெக்ட்ரோகிராம் காட்சிக்கு மாற்றுங்கள். குறுக்கே நேரம், நெடுக்கே சுருதி, எங்கே சத்தம் அதிகமோ அங்கே பிரகாசம். இந்தப் பலகையில் எழுத்தையோ முகத்தையோ வரைந்து, அதை ஒலியாக மாற்ற முடியும். கேட்டால் கரகரவென்று ஏதோ இயந்திரச் சத்தம், பார்த்தால் வார்த்தை. ஏஃபெக்ஸ் ட்வின் என்ற இசைக்கலைஞர் 1999ல் வெளியிட்ட சிங்கிள் ஒன்றில் இரண்டாவது உருப்படியை இப்படிப் பார்த்தால் ஒரு முகம் தெரியும். இது தவிர 'கீச் கீச்' என்று விட்டுவிட்டு வந்தால் மோர்ஸ், ஒரு மாதிரி ஏறி இறங்கி முனகினால் எஸ்எஸ்டிவி. அதாவது வானொலி ஆர்வலர்கள் ஒலி வழியாகப் படம் அனுப்பும் முறை. விண்வெளி நிலையத்திலிருந்தும் அவ்வப்போது இப்படிப் படங்கள் வரும்.

வெறும் எழுத்துக் கோப்பிலும் ஒளிக்கலாம். யூனிகோடில் அகலமே இல்லாத எழுத்துகள் உண்டு. திரையில் இடம் பிடிக்காது, ஆனால் கோப்பில் இருக்கும். ஒன்றை 0 என்றும் இன்னொன்றை 1 என்றும் வைத்துக்கொண்டால் இரண்டு சொற்களுக்கு நடுவே ஒரு கடிதத்தையே அடைத்துவிடலாம். இவை ஒளிப்பதற்காகப் படைத்தவை அல்ல. 'க்ஷ' என்று ஒட்டாமல் 'க்' தனியாகவும் 'ஷ' தனியாகவும் தெரிய வேண்டுமானால் தமிழிலேயே நடுவில் இப்படி ஓர் எழுத்தைப் போட வேண்டியிருக்கிறது. ஆகவே ஒன்றிரண்டு இருந்தால் சந்தேகப்பட வேண்டாம். நூறு இருந்தால் சந்தேகப்படலாம். எண்ணிப் பார்ப்பது எளிது: கண்ணுக்குத் தெரியும் எழுத்துகளுக்கு எத்தனை பைட் ஆகும் என்று கணக்கிட்டு, கோப்பின் அளவோடு ஒப்பிடுங்கள்.

3301

எல்லாவற்றையும் ஒரே கயிற்றில் கோத்துப் பார்க்க 2012ல் வந்த சிகாடா 3301 என்ற இணையப் புதிரைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது. அந்த ஆண்டு ஜனவரி தொடக்கத்தில் 4சான் என்ற இணைய அரட்டைத் தளத்தில் கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்தோடு ஒரு படம் வந்தது. கூர்மையான ஆட்களைத் தேடுகிறோம், இந்தப் படத்துக்குள் ஒரு செய்தி ஒளிந்திருக்கிறது, கண்டுபிடியுங்கள் என்றது.

முதல் பூட்டு சுலபம். படத்தை நோட்பேடில் திறந்தால் வாலில் ஒரு வரி: டைபீரியஸ் கிளாடியஸ் சீசர் சொல்வதாகச் சில கிறுக்கல் எழுத்துகள். சீசர் என்றதும் சீசர் சங்கேதம், அதாவது எழுத்துகளைச் சில இடம் நகர்த்தி எழுதுவது. எத்தனை இடம்? கிளாடியஸ் ரோமின் நான்காவது பேரரசர். ஆக நான்கு. கிறுக்கலின் முதல் நான்கு எழுத்துகள் எல், எக்ஸ், எக்ஸ், டி. நான்கு இடம் பின்னால் போனால் எச், டி, டி, பி. இணைய முகவரியின் தொடக்கம்! பேரரசர்களின் பட்டியலே தெரியாதவர்கூட, இரண்டாவதும் மூன்றாவதும் ஒரே எழுத்தாக இருப்பதைப் பார்த்து இதை ஊகித்திருக்கலாம்.

முகவரியைத் திறந்தால் ஒரு வாத்துப் படம். இந்தப் பக்கம் வெறும் பொம்மை வாத்துகள்தான், செய்தியை எப்படி வெளியே எடுப்பதென்று உங்களால் ஊகிக்க முடியவில்லை போலிருக்கிறது என்று கேலி வேறு. பலர் அத்தோடு திரும்பியிருப்பார்கள். அந்தக் கேலி வாக்கியத்தின் ஆங்கிலத்தில் 'கெஸ்' என்றும் 'அவுட்' என்றும் இரண்டு சொற்கள் இருந்தன. மேலே சொன்ன அவுட்கெஸ் கருவி ஞாபகம் வருகிறதா? அதில் வாத்தைப் போட்டால் அடுத்த செய்தி வந்தது. அங்கிருந்து புத்தகச் சங்கேதம், மாயன் எண்கள், டெக்சாஸ் தொலைபேசி எண் ஒன்று என்று நீண்டது. அந்த எண்ணுக்கு அழைத்தால் ஒரு பதிவுக் குரல்: முதல் படத்தோடு தொடர்புடைய பகா எண்கள் மூன்று, அதில் ஒன்று 3301, மற்ற இரண்டையும் கண்டுபிடித்து மூன்றையும் பெருக்கு. அந்த இரண்டும் எங்கே இருந்தன? எல்லாரும் முதல் நாளே பார்த்து, பார்த்ததாகவே எண்ணாத இடத்தில். படத்தின் அகலமும் உயரமும்: 509, 503. 3301ஓடு சேர்த்து மூன்றையும் பெருக்கினால் 845145127. அதுதான் அடுத்த இணையதளத்தின் பெயர். அங்கே கிடைத்த புவியிடக் குறிகளைப் பிடித்துப் போனால் வார்சா, பாரிஸ், சியாட்டில், சோல், மியாமி என்று ஊர் ஊராகத் தெருக் கம்பங்களில் கியூஆர் குறியோடு சுவரொட்டி.

யார் போட்டார்கள் என்பது பொதுவெளியில் உறுதியாகவில்லை. 2014ல் அதே பெயரில் வந்த ரூன் எழுத்துப் புத்தகத்தில் பெரும்பகுதி படிக்கப்படாமலே கிடக்கிறது. அந்த மர்மத்தைவிட என்னை இழுப்பது அந்தக் கேலி வாக்கியம்தான். புதிரின் ஒளிப்பும் ஒற்றனின் ஒளிப்பும் ஒன்றல்ல. ஒற்றன் யாரும் பார்க்கக் கூடாது என்று ஒளிக்கிறான். 2010 ஜூனில் அமெரிக்காவில் பத்து ரஷ்ய உளவாளிகளைப் பிடித்தபோது, அவர்களில் சிலர் படங்களுக்குள் செய்தி ஒளித்து அனுப்பியதாக எஃப்பிஐ சொன்னது. படத்தின் மூலையில் துப்பு எழுதி வைத்து அவர்கள் அனுப்பியிருக்க மாட்டார்கள். புதிர் போடுகிறவரோ நாம் கண்டுபிடிக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறார். எங்காவது ஒரு நூல் நுனியைத் தொங்கவிட்டே இருப்பார். ஆகவே இருபது கருவிகளை வரிசையாக ஓட்டுவதற்கு முன்னால் தலைப்பையும் கோப்பின் பெயரையும் இரண்டு தடவை படிப்பது மேல். 'உயரமான கதை' என்று தலைப்பு வைத்துப் பிஎன்ஜி கொடுத்தால் எங்கே பார்க்க வேண்டும் என்று உங்களுக்கே இப்போது தெரியும்.

அவுட்கெஸ்ஸை எழுதிய நீல்ஸ் புரோவோஸ், மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் பீட்டர் ஹனிமேனோடு சேர்ந்து 2001 வாக்கில் ஈபே தளத்திலிருந்து 20 லட்சம் படங்களை எடுத்து ஒளித்த செய்தி இருக்கிறதா என்று சோதித்தார். ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. வாட்டம் வேண்டாம், புதிர் உலகத்தில் விகிதம் இதைவிட நமக்குச் சாதகம்.

பழகிப் பார்க்க பிகோசிடிஎஃப் நல்ல இடம். கார்னகி மெலன் பல்கலைக்கழகம் பள்ளி மாணவர்களை மனத்தில் வைத்து நடத்துவது, இலவசம், பழைய புதிர்களும் பயிற்சிக்குத் திறந்திருக்கும். கிடைத்த கிறுக்கல்களைப் பிரிக்க சைபர்செஃப். உலாவியிலேயே ஓடும். அதை 2016ல் வெளியிட்டது பிரிட்டனின் ஒற்று நிறுவனமான ஜிசிஎச்கியூ என்பது எனக்கு இன்னும் சிரிப்பு வரவழைக்கும் விஷயம். சமக்குறியில் முடியும் நீண்ட எழுத்துச் சரம் வந்தால், பைட்டுகளைச் சாதாரண எழுத்துகளாக மாற்றி எழுதும் பேஸ்64 முறையாக இருக்கலாம், முதலில் அதைப் போடுங்கள். கோப்புக்குள்ளிருந்து ஓடக்கூடிய நிரல் ஏதாவது வந்தால் உங்கள் சொந்தக் கணினியில் ஓட்டாதீர்கள். எல்லாவற்றையும்விட, நீங்களே ஒன்று செய்து யாருக்காவது அனுப்புங்கள். பத்துப் புதிர் அவிழ்ப்பதைவிட ஒன்று போடும்போது அதிகம் விளங்கும். டாக்குமெண்ட் ஆக அனுப்புங்கள்!

வடகத்துக்குள் நான் ஒளித்த வரி 'இன்னைக்கு என்ன டிபன்?'. டாக்குமெண்ட் போன அன்று பத்து நிமிடத்தில் எடுத்துவிட்டாள். பதிலாக ஓர் எழுத்துக் கோப்பு வந்தது. திறந்தால் 'சாப்பிட்டீங்களா சித்தப்பா?' என்று மட்டும் இருந்தது. 24 தமிழ்க் குறியீடு, ஒரு இடைவெளி, ஒரு கேள்விக்குறி; 74 பைட் ஆக வேண்டும். கோப்பின் அளவு 362. மிச்சம் 288 பைட்டில் அகலமில்லா எழுத்துகள் 96. 96 பிட் என்றால் 12 பைட், அதாவது நாலே நாலு தமிழ்க் குறியீடு. பிரித்தேன்.

'தோசை' என்று வந்தது.